கயாக் ஓட்ட எங்கே போகலாம்: செந்தோசாவா, உபினா?

வாசகர் கேள்வி, 12.5.2025

அக்கா, ஜூன் விடுமுறைக்குச் சிதம்பரத்திலிருந்து எங்கள் பெரியக்கா குடும்பம் சிங்கப்பூருக்கு வருகிறது. பாசிர் ரிஸ் கடலோரமாக நான்கு இரவுக்கு சாலே (விடுமுறை வீடு) எடுத்திருக்கிறோம். பெரியக்கா, மாமா, பிள்ளைகள் இருவர். பையனுக்கு 14, சின்னவளுக்கு 9. ஒரு நாளாவது கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு) ஓட்டியே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம். பெரியக்காவுக்கு நீச்சல் தெரியாது. நண்பர்கள் எல்லாரும் தெற்கே உள்ள செந்தோசா தீவுதான், வேறு எதையும் யோசிக்காதே என்கிறார்கள். வடகிழக்கே உள்ள உபின் தீவுப் பக்கம் போகவே போகாதே, ஆபத்து என்கிறார் ஒருவர். நீங்கள் பல வருடமாக ஓட்டுகிறவர். எது சரி?

12.5.2025, காலை

தம்பி, செந்தோசா தப்பில்லை. சிலோசோ, பலவான், தஞ்சோங் மூன்று கடற்கரைக்கும் எதிரே சின்னச் சின்ன மணல் திட்டுகளும் கல் அணைகளும் போட்டு அலையைத் தடுத்திருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் குளம் மாதிரி இருக்கும். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பயம் இருக்காது. ஆனால் அரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடுவார்கள். அப்புறம் எதிரே நிற்கும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர்களை அங்கே மட்டும் கூட்டிப்போக எனக்கு மனசு வராது.

என்னைக் கேட்டால் உபின். அதுவும் அலையாத்திக் காட்டுக்குள் போகும் ஓடைகள். வழிகாட்டியோடு போங்கள், காலையிலேயே போங்கள். வெயிலும் குறைவு, காற்றும் குறைவு.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் படத்தைப் பார்க்கிறார்கள். நான் திரும்பி வரும் வழியைத்தான் முதலில் பார்ப்பேன். போகும்போது கை தெம்பாக இருக்கும், எல்லாருக்கும் உற்சாகம். களைத்த பிறகு, உங்கள் கூட்டத்தில் கை வலு குறைந்தவர் யாரோ அவர், எந்தத் தண்ணீரை எதிர்த்துத் துடுப்புப் போட வேண்டி வரும்? அதற்குப் பதில் தெரிந்தால் இடம் தானாக முடிவாகிவிடும்.

12.5.2025, இரவு

இன்று விசாக தினம், விடுமுறை. காலையில் எழுதிய பிறகு மனசு அங்கேயே இருந்தது. சாயங்காலம் நாலரை மணிக்குப் பாசிர் ரிஸ் கடற்கரைக்கு நடந்து போனேன்.

இன்று பௌர்ணமி. சிங்கப்பூரில் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் முற்பகல் பதினொன்று, பன்னிரண்டை ஒட்டிக் கடல் நீரின் ஏற்றம் உச்சிக்கு வரும். பிறகு ஏறக்குறைய ஆறு மணி நேரம் வற்றும். நான் போனபோது தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து இருபது அடி தள்ளி ஒரு தேங்காய் மட்டை மிதந்தது. காற்று துளியும் இல்லை. ஆனால் மட்டை நிற்கவில்லை. வலப்பக்கமாக, கிழக்கே சாங்கியை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. கூடவே நடந்து பார்த்தேன். என் நடையை விடக் கொஞ்சம்தான் மெதுவு. பத்து நிமிடம் கூடவே போனேன், அது எங்கும் தயங்கவில்லை. மேலே பார்த்தால் தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது. அடியில் மொத்தக் கடலும் நகர்கிறது.

ஏன் கிழக்கே போகிறது? சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவில் உள்ள ஜொகூர் நீரிணை ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் திறந்திருந்தது. உட்லண்ட்ஸில் தரைப்பாலம் கட்டி முடித்த பிறகு, அதாவது 1924க்குப் பிறகு, நடுவில் அடைபட்டுவிட்டது. அதனால் நம் பக்கத்து நீரிணைக்குக் கிழக்கு ஒன்றுதான் வாசல். ஏறும்போது அந்த வழியாக மேற்கே உள்ளே வரும், வற்றும்போது அதே வழியாகக் கிழக்கே வெளியே போகும். அந்தப் பாலத்துக்கான கருங்கல்லில் பெரும்பங்கு உபினிலும் புக்கிட் தீமாவிலும் வெட்டி எடுத்தது. உபினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் போக்கை மாற்றியது உபினின் சொந்தக் கல். இதை நினைக்காமல் நான் அந்தத் தீவைத் தாண்டியதே இல்லை.

14.5.2025

வேறு சிலர் கேட்டதற்குச் சுருக்கமாக.

மெக்ரிட்சி: நல்ல இடம், மரங்கள் அழகு, ஏற்றவற்றம் கிடையாது. ஆனால் அது நீர்த்தேக்கம். கடலோர விடுமுறைக்கு வந்துவிட்டு அங்கே போவது உங்கள் விருப்பம்.

ஈஸ்ட் கோஸ்ட்: திறந்த கடல். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். தெற்கிலிருந்து காற்று வரும்போது அலை நேராகக் கரையில் மோதும். புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். சென்ற ஆண்டு ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங்கில் தூர்வாரும் கப்பல் ஒன்று எண்ணெய்க் கப்பலில் மோதி 400 டன் போல எண்ணெய் கசிந்ததே, அது ஈஸ்ட் கோஸ்ட், செந்தோசா, லாசரஸ் வரை வந்து ஒதுங்கியது. உபின் ஓடைகளுக்குள் அது புகுந்திருந்தால் வேர் வேராகத் துடைக்க முடியுமா? அந்த வாரம் எனக்குத் தூக்கம் இல்லை.

லாசரஸ் தீவு: பிறை வடிவில் மணல், தெளிந்த தண்ணீர். மரினா சவுத் பியரிலிருந்து ஃபெரி. நாள் முழுக்கப் போய்விடும். நான்கு நாள் விடுமுறையில் ஒரு நாளைக் கொடுக்கலாம் என்றால் போங்கள்.

17.5.2025

உபின் ஆபத்து என்று சொன்ன நண்பர் சும்மா சொல்லவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

2016இல் நாங்கள் ஐந்து பேர் பாசிர் ரிஸ்ஸிலிருந்து வாடகைக் கயாக்கில் கிளம்பினோம். சாங்கி முனை வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். கயாக் கொடுத்தவர்கள் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். நாங்களும் கேட்கவில்லை.

நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம். நமக்கு இவ்வளவு நன்றாக ஓட்ட வருகிறதே என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி. திரும்பினோம். பத்து நிமிடம் துடுப்புப் போட்ட பிறகு கரையைப் பார்த்தால் அதே மரம், அதே குப்பைத் தொட்டி. பம்போட்கள் (உபினுக்கு ஆள் ஏற்றும் மோட்டார் படகுகள்) குறுக்கே போகும்போது எழும் அலை வேறு. என்னோடு டபுளில் (இருவர் கயாக்கில்) உட்கார்ந்திருந்த தோழிக்குத் தோளில் தசை பிடித்துக்கொண்டது. கையைத் தூக்க முடியவில்லை, அழுதாள். நான் ஒருத்தியே போட்டேன். நிறுத்தினால் பின்னால் போகிறது, போட்டால் நிற்கிறது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் இப்படி. கடைசியில் மணலில் ஏற்றிவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

எங்கள் தாத்தா நாகப்பட்டினத்துக்காரர், கடலுக்குப் போனவர். நீரோட்டத்தை நீவாடு என்பார். நீவாடு பார்க்காமல் கட்டுமரத்தை இறக்காதே என்பாராம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தார். அன்றைக்கு மணலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சொல்லின் கனம் எனக்குப் புரிந்தது.

கணக்கு இதுதான். ஆறு மணி நேரம் ஏற்றம் என்றால் ஒவ்வொரு மணிக்கும் சமமாக ஏறாது. மொத்தத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் 1, 2, 3, 3, 2, 1 என்று ஏறும். வற்றுவதும் அப்படியே. நடு இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் நகர்ந்துவிடும். அப்போதுதான் இழுப்பு அதிகம். உச்சிக்கு வந்த நேரத்தையும் அடிமட்டத்தையும் ஒட்டிக் கொஞ்ச நேரம் தண்ணீர் சும்மா நிற்கும். நாங்கள் கிளம்பியது வற்றம் தொடங்கி இரண்டாம் மணி. அதை விட மோசமான நேரம் கிடையாது.

18.5.2025

திருத்தம். முதல் குறிப்பில் காலையிலேயே போங்கள் என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். அது முழுசும் சரியில்லை.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா காற்று என்று ஒன்று உண்டு. மலாக்கா நீரிணைப் பக்கம் இரவில் மேகம் கோடாகத் திரண்டு, விடியலுக்கு முன்னோ காலையிலோ மேற்கிலிருந்து வந்து அடிக்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை காற்று, கூடவே இடி மழை. போன வருடம் ஒரு ஞாயிறு ஏழு மணிக்குக் கயாக்கை இறக்கப் போனோம். வானம் கிழக்கே பளிச்சென்று இருந்தது. எங்கள் வழிகாட்டி மட்டும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே அடிவானத்தில் கரும்பலகையைச் சாய்த்து வைத்தது போல ஒரு மேகம். இறக்க வேண்டாம் என்றார். பதினைந்து நிமிடத்தில் படகுத் துறையின் கூரைத் தகடு படபடத்தது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்து பிறகு போனோம். ஓடைக்குள் இலை நுனியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த மிக அழகான காலை அதுதான்.

ஆகவே: கிளம்புமுன் போனில் மழை ராடாரைப் பாருங்கள். மின்னல் எச்சரிக்கை வந்தால் பேச்சே இல்லை, கரை ஏற வேண்டும். தண்ணீர் மேல் உயரமாக இருப்பது உங்கள் தலைதான்.

25.5.2025

தம்பி தனியாக எழுதியிருந்தார். “எங்க ஊர்லயே பிச்சாவரம் இருக்கு, அதே காட்டைப் பாக்க சிங்கப்பூர் வரணுமா?” என்று பெரியக்கா கேட்கிறாராம்.

நியாயமான கேள்வி. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தக் காடு உபின் அலையாத்திக் காட்டை விட எவ்வளவோ பெரியது. நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே பெரும்பாலும் படகுக்காரர் துடுப்புப் போடுவார், நாம் உட்கார்ந்து பார்ப்போம். இங்கே உங்கள் கையால் போகிறீர்கள். கயாக்கில் உட்கார்ந்தால் கண் தண்ணீர் மட்டத்துக்கு மிக அருகில் இருக்கும். சுரபுன்னையின் வளைந்த வேர்கள் தலைக்கு மேலே வரும். சேற்றில் கண்ணை மேலே தூக்கிக்கொண்டு துள்ளும் மீன், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டு, எல்லாம் உங்கள் முகத்துக்கு நேரே. துடுப்பை நிறுத்தினால் சேறு டிக், டிக் என்று சத்தம் போடும். இருவாச்சி பறந்தால் இறக்கைச் சத்தமே கேட்கும். இங்கே பல பத்தாண்டுகள் கண்ணில் படாமல் இருந்த பறவை அது. 1994இல்தான் திரும்ப உபினில் கண்டார்கள்.

இன்னொன்று, இதைப் பெரியக்காவிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் எந்த மரத்தால் வந்ததோ, அதே தில்லை மரம் இங்கேயும் இருக்கிறது. மலாய்க்காரர்கள் அதை புத்தா புத்தா என்பார்கள். புத்தா என்றால் குருடு. ஒடித்தால் வெள்ளையாகப் பால் வடியும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். ஓடையில் போகும்போது கிளையைப் பிடித்து கயாக்கை நிறுத்தும் பழக்கம் எல்லாருக்கும் வரும். எந்தக் கிளையையும் பிடிக்காதீர்கள். துடுப்பாலேயே நிறுத்தப் பழகுங்கள்.

1.6.2025

தேதி முடிவாகிவிட்டதாம், ஜூன் 14, சனிக்கிழமை. தினசரி காலண்டரை எடுத்துப் பார்த்தேன். பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள். பௌர்ணமியன்று நடுப்பகலை ஒட்டி உச்சி என்றால், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் போலத் தள்ளிப் போகும். அப்படியானால் 14ஆம் தேதி காலையில் ஏற்றம், மதியம் தாண்டி உச்சி. காட்டு ஓடைக்கு இதுதான் வேண்டும். ஏறும் தண்ணீரோடு உள்ளே போய், உச்சியில் சுற்றிப் பார்த்து, வற்றத் தொடங்கியதும் அதனோடே வெளியே வர வேண்டும். தாமதித்தால் சேற்றில் மாட்டிக்கொள்வீர்கள், இறங்கித் தள்ளினால் முழங்கால் வரை இறங்கும். காலண்டர் கணக்கு திட்டம் போடத்தான். சரியான நேரத்தைத் துறைமுக ஆணையத்தின் ஏற்றவற்ற அட்டவணையில் பார்த்து, வழிகாட்டியோடு பேசி உறுதி செய்யுங்கள்.

எனக்குள் ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. பௌர்ணமிக்கு அருகில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் மூன்று மீட்டரை நெருங்கும். ஓடை நிறையும், ஆனால் வெளியே இழுப்பும் கூடும். அட்டமியை ஒட்டிப் போனால் இழுப்பு குறைவு, ஆனால் ஒடுங்கிய ஓடைகளில் தண்ணீர் போதாது. நீச்சல் தெரியாதவருக்கு எது நல்லது? 14ஆம் தேதி நடுவாக அமைந்திருக்கிறது. அதுவே இருக்கட்டும். ஆனால் முதன்முதலாகத் துடுப்பைத் தொடுவது உபினில் வேண்டாம். அதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

12ஆம் தேதி அவர்களைக் காலாங்குக்குக் கூட்டிப் போங்கள். ஸ்போர்ட்ஸ் ஹப்பில் உள்ள நீர் விளையாட்டு நிலையத்தில் கயாக் வாடகைக்குக் கிடைக்கும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காலாங்கிலும் ஏற்றவற்றம் இருந்தது, வற்றினால் நாற்றமும் இருந்தது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு உள்பக்கம் நீர்த்தேக்கமாகிவிட்டது. தண்ணீர் ஏறுவதும் இல்லை, இழுப்பதும் இல்லை. விழுந்தால் விழுந்த இடத்திலேயே இருப்பீர்கள். ஒன்றரை மணி நேரம் போதும். நேராக ஓட்ட, திரும்ப, பின்னால் போக, நிறுத்த. முக்கியமாக, பெரியக்கா லைஃப் ஜாக்கெட்டோடு ஒருமுறை வேண்டுமென்றே தண்ணீரில் இறங்கிப் பார்க்கட்டும், அங்கே இருப்பவர்களின் அனுமதியோடு. மிதக்கிறோம் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அறிவுக்குத் தெரிந்தால் போதாது, உடம்புக்குத் தெரிய வேண்டும்.

3.6.2025

சின்னச் சின்னதாக விட்டுப்போனவை. ஒன்பது வயதுப் பிள்ளையை ஏற்றுவார்களா என்று போன் போட்டுக் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள். சின்னவள் வழிகாட்டியோடோ மாமாவோடோ டபுளில் முன்னால் உட்காரட்டும். சேலை, சுடிதார் துப்பட்டா வேண்டாம். முழுக்கைச் சட்டை, பின்பக்கம் வார் வைத்த செருப்பு. உபினுக்கு பாஸ்போர்ட் முத்திரை எதுவும் இல்லை, அது சிங்கப்பூர்தான். சாங்கி முனையில் பம்போட் 12 பேர் சேர்ந்தால் கிளம்பும், தலைக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சில்லறையாக எடுத்துப் போங்கள். தீவின் வடக்குப் பக்கம் போக ஆசைப்படாதீர்கள். அங்கே கொஞ்ச தூரத்தில் மலேசிய எல்லை, கடலோரக் காவல் படை சுற்றிக்கொண்டே இருக்கும்.

15.6.2025

நேற்று போய் வந்துவிட்டார்கள். தம்பி இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார்.

காலாங்கில் பெரியக்கா முதலில் இறங்கவே மாட்டேன் என்றாராம். பையன் கையைப் பிடித்துக்கொள்ள, இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு நின்று, கால் தரையை விட்டு எழும்பியதும் “நான் முங்கலையே!” என்று கத்தினாராம். அதற்குப் பிறகு வெளியே வரச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

உபினில் எல்லாம் நேரப்படி நடந்தது. ஒரே ஒரு இடத்தில் பையன் அவசரப்பட்டு ஓடையின் வளைவில் வேருக்குள் நுழைந்துவிட்டான். சட்டென்று கையை நீட்டிக் கிளையைப் பிடிக்கப் போனவனை, பின்னாலிருந்து பெரியக்கா அதட்டியிருக்கிறார்: “டேய், தில்லைடா அது!” வழிகாட்டி சீனர், தமிழ் தெரியாது. ஆனால் அவரும் அதே நொடியில் கையை உயர்த்தினாராம். பிறகு மரத்தைக் காட்டி என்ன பெயர் என்று கேட்டு, தில்லை, தில்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாராம். நான் இதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மாமா மட்டும் தோள் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாராம். கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பித் துடுப்புப் போட வேண்டும். இதை எழுத மறந்தது என் தப்பு, மாமாவிடம் சொல்லிவிடுங்கள்.

செந்தோசாவுக்கும் கடைசி நாள் போகிறார்கள். நல்லது, போகட்டும். மணலில் விளையாட அதுதான் சரியான இடம்.

29.6.2025

ஊர் திரும்பிய சின்னவள், வீட்டுத் தினசரி காலண்டரில் பௌர்ணமி, அமாவாசைத் தாள்களிலெல்லாம் பென்சிலால் ஒரு அலை வரைந்து வைத்திருக்கிறாளாம். பிச்சாவரத்திலும் ஏறும்போது உள்ளே, வற்றும்போது வெளியேதானா என்று என்னிடம் கேட்கச் சொன்னாளாம்.

ஆமாம் கண்ணு, அங்கேயும் அப்படித்தான். ஆனால் உங்கள் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் கூட வராது, இங்கே போல மூன்று இல்லை. உச்சி வரும் நேரமும் வேறு, நான் சொன்ன பதினொன்று, பன்னிரண்டு கணக்கு அங்கே செல்லாது. படகுத் துறையில் துடுப்புப் போடும் தாத்தா யாராவது இருப்பார். அவரிடம் நீவாடு எப்போது திரும்பும் என்று கேள். அந்த வார்த்தையிலேயே கேள்.

தம்பி, அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.